புதுத் தொழிலுக்குக் குடும்பத்தின் துணையா, நண்பர்களின் துணையா?

புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குக் குடும்பம் தரும் பெரும்பலம் பொறுமைதான். வட்டி கேட்காத முதலீட்டையும், வருமானமில்லாத மாதங்களில் வீட்டுச் செலவைத் தாங்கும் தோளையும் வேறெவரும் எளிதில் தருவதில்லை. ஆனால் அந்தப் பணம் கடனா, பங்கா என்று எழுதி வைக்காவிட்டால், தொழிலில் ஏற்படும் சறுக்கல் உறவிலும் விரிசலாகிவிடும் என்பதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

நண்பர்களிடம் அவ்வளவு பணம் இல்லாதிருக்கலாம். எனினும் அவர்கள் வெவ்வேறு வட்டங்களில் பழகுவதால் முதல் வாடிக்கையாளர்களையும், நமக்கு எட்டாத தகவல்களையும் கொண்டுவருகிறார்கள். நெருங்கிய உறவுகளைவிட ஓரளவே பழகியவர்கள் வழியாகப் புதிய செய்திகள் அதிகம் வருகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வாதிட்டதும் இதையொட்டியதே. மனம் நோகுமென்று குடும்பத்தினர் மறைக்கும் குறையை, நல்ல நண்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். விற்பனையைப் பொறுத்தவரை அந்தச் சொல்லையே நான் பெரிதாக மதிப்பேன்.