கார் பெயிண்டில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்: என்.சி. முதல் டூ-கே கிளியர் வரை

காருக்கு முழு பெயிண்ட் அடிக்கக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் கேட்பது கலர் லிட்டர் என்ன விலை என்றுதான். கலரில் கொஞ்சம் கையை இறுக்கினால் பெரிய நஷ்டமில்லை. கலருக்கு மேலே பூசும் நிறமற்ற கிளியர், பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர், நீர்க்க வைக்கும் தின்னர் மூன்றிலும் இறுக்கினால் பணத்தோடு உழைப்பும் போகும். இந்த விமர்சனம் அந்தக் கோணத்தில்தான்.

இருப்பதிலேயே மலிவு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். அதிலுள்ள கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடும், உள்ளே வேறு வேதிவினை எதுவும் கிடையாது. அதனால் தூசி உட்காருவதற்குள் கையில் ஒட்டாமல் காய்கிறது. வடிந்த இடத்தைத் தேய்த்துவிட்டு உடனே மறுபடி அடிக்கலாம். பழகுகிறவருக்கு இது பெரிய வசதி. ஆனால் காய்ந்த படலத்தை அதே தின்னர் மீண்டும் கரைத்துவிடும். பெட்ரோல் மூடியைச் சுற்றிச் சிந்துவதும் அதற்கு ஆகாது. படலம் மெல்லியது என்பதால் ஐந்தாறு கோட் வேண்டும், காம்பவுண்ட் என்ற பசையைப் போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். டிக்கியின் உள்பக்கம், பானட்டின் அடிப்பக்கம் போன்ற இடங்களுக்குப் போதும். வெளிப்பக்கம் முழுவதும் இதை அடிப்பது வீண்வேலை.

சிந்தெடிக் எனாமல், இரும்பு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற பெயிண்டின் நெருங்கிய உறவு. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். மேல்தோல் ஒரே நாளில் காயும், உள்ளே முழுசாக இறுக வாரக்கணக்காகும். அந்த இடைவெளியில் அடுத்த கோட் அடித்தால் அடிப்படலம் ஊறிச் சுருண்டு, ஆறிய பாலில் ஆடை மடிந்ததுபோல் எழும்பும். நாளைக்கு நல்ல பெயிண்ட் அடிக்கலாம் என்றாலும் இதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் மிச்சமான பணம் அங்கே போய்விடும்.

குறைந்த செலவுக்கு நேர்மையான தேர்வு, ஹார்ட்னர் கலந்து அடிக்கிற டூ-கே (இரண்டு பொருள் கலவை) பி.யு. (பாலியூரித்தேன்) நேரடி பளபளப்பு வகை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு போன்ற சாலிட் கலர்களுக்கு மட்டும். நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருப்பதால் கிளியர் தனியாக வேண்டாம். ஒரு பொருளும் இரண்டு மூன்று கோட்டும் மிச்சம். பெட்ரோலைத் தாங்கும், வருடக்கணக்கில் பளபளப்பு நிற்கும். பின்னால் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தைத் தேய்த்து பாலிஷ் போட முடியும். ஒரே குறை, பாலிஷ் போடும்போது துணியில் கலர் வரும். அது கோளாறு இல்லை, கிளியர் இல்லாத பெயிண்டின் இயல்பு. வண்டியின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள் சாலிட் வெள்ளையைத் தேர்ந்தால் செலவும் குறையும், தவறும் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அடிநிறத்தை எளிதில் மறைக்காதவை. அடியில் பூசும் பிரைமரின் நிறம் சரியாக இல்லாவிட்டால் ஒன்றிரண்டு கோட் கூடுதலாகக் குடிக்கும்.

மெட்டாலிக், பேர்ல் நிறங்களுக்கு நிறம் தரும் பேஸ் கோட்டும் மேலே கிளியரும் கட்டாயம். இதில் பேஸ் கோட் நடுத்தர பிராண்டாக இருந்தால் போதும். வெயிலையும் மழையையும் தாங்குவது அதன் மேலிருக்கும் கிளியர்தான். கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ இருக்கும் நிறக் குறியீட்டைக் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். ஒரே குறியீட்டுக்குப் பல சாயல்கள் உண்டு. சின்ன அட்டையில் அடித்து, மேலே கிளியரும் போட்டு, பகல் வெளிச்சத்தில் வண்டியோடு வைத்துப் பார்க்காமல் முழு அளவு கலக்க வேண்டாம். சில்வர்தான் இருப்பதிலேயே கடினம். துகள் ஒரே சீராக விழாவிட்டால் புலிவரிபோல் பட்டை பட்டையாகத் தெரியும். கடைசியாக ஸ்ப்ரே கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மெல்லிய ஒரு கோட் தூவினால் பெரும்பாலும் சரியாகும்.

இனி கிளியர். கடைகளில் லேக்கர் என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். அதனால் டப்பாவில் ஒன்-கேயா (ஹார்ட்னர் வேண்டாதது) டூ-கேயா என்று படித்துப் பார்ப்பது நல்லது. ஒன்-கே ஸ்ப்ரே டின் கிளியர் அடிக்க எளிது. ஆனால் பெட்ரோலில் கரையும், மெல்லியது, வெயிலில் உரியும். முழு வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். டூ-கேயில் எம்.எஸ். (மீடியம் சாலிட்), எச்.எஸ். (ஹை சாலிட்) என இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன. எச்.எஸ். என்றால் திடப்பொருள் அதிகம். ஒன்றரை, இரண்டு கோட்டிலேயே தேவையான கனம் வந்துவிடும். எம்.எஸ். லிட்டருக்கு மலிவு, ஆனால் இரண்டு மூன்று கோட் வேண்டும். லிட்டர் விலையைப் பார்க்காமல் வண்டிக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். ஆனாலும் வீட்டு ஷெட்டில் அடிப்பவருக்கு எம்.எஸ். கிளியரே நம் பரிந்துரை. நன்றாகப் பரவும், தவறை மன்னிக்கும். எச்.எஸ். கெட்டியாக விழுவதால் பழகாத கையில் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளியிடும், அல்லது வடியும். பெயரே இல்லாத மலிவு கிளியரில் புற ஊதாத் தடுப்பு குறைவாகத்தான் இருக்கும். மேற்கூரையும் பானட்டும்தான் முதலில் மஞ்சளித்து உரியும்.

ஹார்ட்னர் அதே பிராண்டின் அதே கிளியருக்கு உரியதாக இருக்க வேண்டும். கிளியர் இரண்டுக்கு ஹார்ட்னர் ஒன்று (2:1) பரவலான விகிதம், ஆனாலும் டப்பாவின் தகவல் தாள் சொல்வதே முடிவு. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் படலம் எளிதில் நொறுங்குவதாகிவிடும். குறைத்தால் நகம் பதிகிற மென்மையிலேயே நின்றுவிடும். வெயில் அதிகமான நாளில் மெதுவான ஹார்ட்னர், குளிரில் வேகமானது. திறந்த டின் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும். கலங்கியோ கூழாகவோ இருந்தால் எறிந்துவிடுங்கள். கலந்ததைத் தகவல் தாள் சொல்லும் நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். ஒரே தடவையில் மொத்தத்தையும் கலக்காதீர்கள்.

தின்னர்தான் பலர் தடுக்கி விழும் இடம். டூ-கேயில் என்.சி. தின்னரை ஊற்றுவது பரவலான பழக்கம். என்.சி. தின்னரில் ஆல்கஹால் வகைகள் இருக்கும். ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் பெயிண்டோடு சேராமல் அவற்றோடு வினைபுரிந்துவிடும். அடித்த அன்று கண்ணாடிபோலத் தெரிந்தது, சில நாட்களில் மங்கி மென்மையாகவே இருக்கும். கடைக்காரர் கலவை சரியில்லை என்பார், அடித்தவர் கிளியர் போலி என்பார். என்.சி. தின்னர் கன் கழுவ மட்டும். பேஸிலும் கிளியரிலும் அதற்குரிய பி.யு. தின்னர்.

நடுத்தர ஹேட்ச்பேக்கின் வெளிப்பக்கத்துக்கு, தின்னர் கலக்காத பேஸ் கோட் சுமார் 2 லிட்டர், எம்.எஸ். கிளியர் 2 லிட்டர், ஹார்ட்னர் 1 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நேரடி பளபளப்பு வகைக்கு 2 முதல் 2.5 லிட்டர் கலர், அதற்கேற்ற ஹார்ட்னர். கதவின் உள்விளிம்புகளும் அடிப்பதானால் அரை லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மெட்டாலிக்கில் பாதி வேலையில் பெயிண்ட் தீர்ந்து புதிதாகக் கலக்கினால் நிறம் துளி மாறினாலும் தெரியும். மிச்சம் வருவது நல்லதுதான், பின்னால் கீறலுக்கு உதவும்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் பழைய பெயிண்ட் எதுவென்று பாருங்கள். என்.சி. தின்னரில் நனைத்த துணியை மறைவான இடத்தில் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்தால் என்.சி. கரைந்து துணியில் ஏறும், எனாமல் சுருங்கும், டூ-கே அசையாது. முதல் இரண்டில் எது வந்தாலும் அதன் மேல் நேராக டூ-கே அடிக்கக்கூடாது. வெறும் தகடு தெரியும் இடத்தில் எபாக்சி பிரைமர், பட்டி போட்ட இடத்தில் டூ-கே சர்ஃபேசர் (மேடுபள்ளம் நிரப்பும் பிரைமர்). மலிவு ஒன்-கே பிரைமர் பின்னால் சுருங்கி, தேய்த்த கோடுகளை மேலே காட்டிவிடும். கடைசியாக, பேஸுக்கு முன் 800 நம்பர் வாட்டர் பேப்பர். பிறகு எண்ணெய் நீக்கும் திரவத்தில் துடைத்துவிட்டு, தூசியை எடுக்கும் ஒட்டும் துணி. டேஷ்போர்டு பாலிஷிலுள்ள சிலிக்கான் துளி இருந்தாலும் பெயிண்ட் மீன் கண்போல வட்டமாக விலகும்.

பேஸுக்கும் கிளியருக்கும் 1.3 மி.மீ. நாசில், ஸ்ப்ரே கன்னருகே சுமார் 2 பார் அழுத்தம், 15 முதல் 20 செ.மீ. தூரம். கம்ப்ரஸரில் நீர்ப்பிடிப்பான் இல்லாவிட்டால் மற்ற எதிலும் செலவழித்துப் பயனில்லை. பேஸ் கோட் மங்கிக் காய்ந்த பிறகே கிளியர். அவசரப்பட்டால் அடியில் மாட்டிய தின்னர் வெளியேறும்போது ஊசிமுனைத் துளைகள் விழும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் பேஸை லேசாகத் தேய்த்து இன்னொரு கோட் அடித்த பிறகே கிளியர் போட வேண்டும். இல்லாவிட்டால் கிளியர் தகடு தகடாக உரியும்.

முகமூடியிலும் மிச்சம் பார்க்க வேண்டாம். ஐசோசயனேட்டை மூக்கு நம்பகமாக எச்சரிக்காது, தூசி மாஸ்க் அதைத் தடுக்காது, ஒருமுறை ஒவ்வாமை வந்தால் மூச்சுத்திணறல் வாழ்நாள் முழுவதும் தொடரலாம். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடியே சரியான ஏற்பாடு. அது முடியாதவர்கள் பட்டி, தேய்ப்பு வேலைகளை வீட்டில் செய்துவிட்டு, ஹார்ட்னர் கலந்து அடிப்பதையெல்லாம் பூத் (காற்றை வடிகட்டி வெளியேற்றும் பெயிண்ட் அறை) இருக்கும் பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். செலவிலும் அது மோசமான வழியில்லை: மொத்த வேலையில் பெரும்பகுதி நேரம் தேய்ப்பில்தான் போகிறது, கிளியர் அடிப்பது ஒரு மணி நேரச் சமாச்சாரம்.