லேப்டாப் சூடு: எத்தனை டிகிரி என்பதோடு எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள்

ஒரே லேப்டாப்பைப் பல ஆண்டுகளாகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். எழுத்து வேலை, எப்போதும் நிறைய டேப்கள் திறந்திருக்கும் பிரவுசர், அவ்வப்போது வீடியோ எடிட்டிங். புதிதில் ஃபேன் ஓடுகிறதா என்றே தெரியாது. போகப்போகச் சத்தம் கூடியது. கீபோர்டின் மேல் வரிசையில் விரலை வைத்தால் சுட்டது. அப்புறம் வீடியோ எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போதே மெஷின் சட்டென்று அணைந்துபோக ஆரம்பித்தது. அதைச் சரிசெய்து, இன்றும் அதே மெஷினில்தான் இதை எழுதுகிறேன். சூடு எத்தனை டிகிரி என்பது பாதித் தகவல்தான். அது எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று பார்த்தால், கோளாறு எந்த இடத்தில் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அதற்கு முதலில் அளக்க வேண்டும். அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில் வராது. விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பிராசஸரின் ஒவ்வொரு கோரின் (கணக்கிடும் பகுதியின்) வெப்பநிலையையும், எத்தனை வாட் இழுக்கிறது என்பதையும், ஃபேனின் வேகத்தையும் (எல்லா மாடலிலும் இது தெரியாது) காட்டும். லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை போதும். இன்றைய லேப்டாப் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றின் உச்ச வரம்பு 95 முதல் 105 டிகிரி செல்சியஸ். அந்த வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிப் போனால் மெஷினை அணைத்துவிடும். கனமான வேலை ஓடும்போது 85, 90 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், மெல்லிய லேப்டாப்களுக்கு அது சகஜம். ஒன்றுமே செய்யாமல் திறந்து வைத்திருக்கும்போது 70-ஐத் தாண்டி நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

அப்படி நின்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு நெடுவரிசையைப் பாருங்கள். சும்மா இருக்கும் மெஷினில் ஏதாவது ஒன்று இருபது, முப்பது சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தால் வன்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொங்கிப்போன ஒரு பிரவுசர் டேப், முடியாமல் ஓடும் ஆன்டிவைரஸ் ஸ்கேன், பின்னணியில் நடக்கும் அப்டேட், இப்படி ஏதாவதாக இருக்கும்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் இந்தச் சோதனையைச் செய்யலாம். மெஷினைச் சற்று ஆறவிட்டு, பிராசஸரை முழுமையாக ஓட்டும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு எண்களைப் பாருங்கள். சில நிமிடங்களில் படிப்படியாக ஏறி உச்சத்தில் போய் நின்றால், வெப்பம் செப்புக் குழாய்கள் வழியாக ஃபின்கள் (காற்று வெளியேறும் இடத்திலுள்ள மெல்லிய உலோகத் தகடுகள்) வரை ஒழுங்காகப் போகிறது, அங்கிருந்து வெளியேறக் காற்றுதான் இல்லை என்று அர்த்தம். தூசியையோ ஃபேனையோ சந்தேகிக்கலாம். அதற்கு மாறாக, வேலை தொடங்கிய ஓரிரு நொடியிலேயே 50-லிருந்து 95-க்கு மேல் தாவினால், பிராசஸரும் அதன் மேல் அமர்ந்து வெப்பத்தை வாங்கிக் கடத்தும் உலோகப் பாகமான ஹீட்சிங்கும் சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. அது தெர்மல் பேஸ்ட், அதாவது இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசும் பசையின் பிரச்சினை. புதிய பிராசஸர்கள் டர்போவில் (தற்காலிகமாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் நிலை) சில நொடிகள் அதிக வாட் இழுப்பதால் நல்ல நிலையிலும் ஒரு தாவல் இருக்கும். வாட் சாதாரண அளவுக்கு இறங்கிய பிறகும் வெப்பநிலை இறங்காமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காற்று வெளியேறும் துளைக்கு எதிரே கையை வைத்தும் இதை உறுதி செய்துகொள்ளலாம். காற்று சுடச்சுட, ஆனால் பலவீனமாக வந்தால் அடைப்பு. காற்று நன்றாக வருகிறது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, திரையில் மட்டும் 97 என்றால் வெப்பம் ஃபின்களை எட்டவே இல்லை. ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிடப் பதினைந்து டிகிரி கூடுதலாகக் காட்டினால், பேஸ்ட் ஒரு பக்கம் விலகியிருக்கவோ ஸ்க்ரூ சமமாக இறுகாமல் இருக்கவோ வாய்ப்பு அதிகம்.

என் மெஷினுக்கு இந்த இரண்டுமே வெவ்வேறு காலத்தில் வந்தன. முதலில் வந்தது மெதுவாக ஏறும் வகை. அடி மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ஃபேன் இறக்கைகளில் லேசான தூசிதான் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகவே தெரியும். ஃபேனின் ஸ்க்ரூக்களை எடுத்து அதைத் தூக்கியபோதுதான் ஃபேனுக்கும் ஃபின்களுக்கும் நடுவே இருந்த இடுக்கு தெரிந்தது. அங்கே தூசி சாம்பல் நிறத்தில், கம்பளித் துணி போல ஒரே பட்டையாகப் படிந்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் முழு நீளத்துக்கும் கிழியாமல் அப்படியே வந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் இந்தப் பட்டை போகாது. உள்ளே தள்ளப்பட்டு மறுபடி அதே இடத்தில் வந்து படியும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும் கட்டாயம்.

அதற்கப்புறம் நெடுநாள் பிரச்சினையே இல்லை. பிறகு இரண்டாம் வகை வந்தது. ஃபின்கள் சுத்தமாக இருந்தும் நொடியில் தாவியது. ஹீட்சிங்கை எடுத்துப் பார்த்தால் பிராசஸரின் நடுப்பகுதியில் பேஸ்டே இல்லை, ஓரங்களில் மட்டும் உலர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. லேப்டாப்பில் சிலிக்கான் சில்லின் மேல் நேரடியாகப் பேஸ்ட் போடுகிறார்கள். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி என்று விரிந்து சுருங்கும்போது அது மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. செறிவான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பழையதைத் துடைத்துப் புதிய பேஸ்ட் போட்டதும் சூடு நன்றாகக் குறைந்தது. ஆனால் ஓர் ஆண்டுக்குள் அதே தாவல் திரும்ப வந்துவிட்டது.

அடுத்த முறை பேஸ்டுக்குப் பதிலாக ஃபேஸ் சேஞ்ச் ஷீட் வைத்தேன். ஹனிவெல்லின் பிடிஎம்7950 இந்த வகையில் பிரபலமானது. அறை வெப்பநிலையில் இது மெல்லிய தாள். சுமார் 45 டிகிரிக்கு மேல் இளகிப் பரவி இடைவெளியை நிரப்பும், பேஸ்ட் அளவுக்கு ஓரத்துக்கு ஓடாது. வைத்த அன்று பேஸ்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாதங்கள் போன பிறகும் அதே எண்கள் நிற்பதுதான் இதன் பலன். லேப்டாப்பை நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஒன்று மட்டும்: சுற்றியுள்ள சிறு சில்லுகளின் மேல் இருக்கும் ரப்பர் போன்ற தெர்மல் பேட்களைக் கிழிக்காமல் எடுங்கள். மாற்றினால் அதே தடிமனில் மாற்றுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் பிராசஸர் மேல் படியாது. ஸ்க்ரூக்களின் அருகே அச்சிட்டிருக்கும் எண் வரிசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

திறக்க விருப்பமில்லாதவர்களுக்கு விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதமாக்கும் வழி இருக்கிறது. பல மெஷின்களில் இதனால் டர்போ நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். எழுத்துக்கும் பிரவுசருக்கும் வேகக் குறைவு தெரியவில்லை, வீடியோ எக்ஸ்போர்ட் மட்டும் நீளும். சில புதிய மாடல்களில் இந்த அமைப்பு மறைந்திருக்கும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்ட் வழியும் ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு, பல இன்டெல் லேப்டாப்களில் பயாஸ் (மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மூலம் அதைப் பூட்டிவிட்டார்கள்.

கூலிங் பேடைச் சில காலம் வைத்திருந்தேன். சில டிகிரி குறைந்தது உண்மை. அதில் பெரும்பகுதி, பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தாலே கிடைத்துவிடுகிறது. மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் அடியிலுள்ள துளைகள் மூடிக்கொள்ளும், அங்கே எந்தப் பேஸ்டும் உதவாது. ஸ்லீப்பில் போட்டுப் பைக்குள் வைப்பதையும் விட்டுவிட்டேன். புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லீப் என்பது அரைத்தூக்கம்தான், பைக்குள்ளேயே விழித்து வேலை செய்து கொதித்துவிடும். திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு மெஷினை முழுதாக அணைக்கும் ஹைபர்னேட் செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

இத்தனையிலும் அதிகம் அடிவாங்குவது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆயுள் வேகமாகக் குறையும். எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கும் மெஷின் என்றால் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடி மூடி சமமாக உட்காராமல் ஆடினாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே சார்ஜரைக் கழற்றி மெஷினை அணைத்துவிடுங்கள். அதை அழுத்தவோ நெம்பவோ கூடாது, துளைபட்டால் தீப்பிடிக்கும். அந்த ஒரு நிலையில் மட்டும் நீங்களே திறக்காமல் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.