மிட்வைஃப் படிக்கப் போறவங்களுக்கு: மைல்ஸ், தத்தா, ஹெஸ்பேரியன் மூணு புத்தகத்தையும் வருஷக்கணக்கா பாவிச்ச அனுபவம்

ட்ரெயினிங்குக்கு செலக்ட் ஆகுற தங்கச்சிமார் எல்லாம் கேக்குறது ஒரே கேள்விதான், அக்கா மைல்ஸ் வாங்கவா தத்தா வாங்கவா, இல்ல க்ளாஸ் நோட்ஸே போதுமான்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் அனுப்பி அலுத்துப்போச்சு, அதான் ஒரேயடியா எழுதிடுறேன். நான் முதல்ல லேபர் ரூம்ல இருந்துட்டு இப்ப ஃபீல்ட்ல இருக்கேன், நுவரெலியா பக்கம் தோட்டங்கள்தான் என் ஏரியா, அதனால நான் சொல்றது ரெண்டு பக்கமும் பாவிச்சுப் பாத்த கதை. எக்ஸாம் மட்டும் பாஸானா போதும்ங்கறவங்களுக்கு நோட்ஸ் போதும், அவங்க இதுக்கு மேல வாசிக்க வேணாம்.

மைல்ஸ்ல இருந்து தொடங்குறேன். மார்கரட் மைல்ஸ்ங்கற ஸ்கொட்லாந்து மிட்வைஃப் எழுதி 1953ல முதல் பதிப்பு வந்துச்சு, அவங்களுக்குப் பிறகும் வேற ஆக்கள் எடிட் பண்ணி வந்துகிட்டே இருக்கு, 2020ல வந்தது 17வது. என்கிட்ட இருக்கிறது 2003ல வந்த 14வது, கொழும்புல மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில வாங்கினது, அப்புறம் ஒரு சிஸ்டர் ரிட்டயர் ஆகும்போது 16வதைக் குடுத்துட்டுப் போனாங்க. கனம்னா அப்படி ஒரு கனம், ஹாஸ்டல்ல படுத்துகிட்டு வாசிக்கலாம்னு நெனச்சிராதீங்க. இங்கிலீஷ் முதல் ஆறு மாசம் கஷ்டமாத்தான் இருக்கும், பிறகு பழகிடும்.

இதுல எனக்குப் பிடிச்சதே கையால பாக்குற வேலையை அது சொல்லிக்குடுக்குற விதம்தான். நஞ்சு, அதாவது ப்ளசென்டா, விழுந்த பிறகு அதை எப்படிச் சோதிக்கணும்ங்கற பக்கத்தை எடுத்துக்கோங்க. தொப்புள்கொடியைப் புடிச்சுத் தூக்கி, குழந்தையைச் சுத்தியிருந்த சவ்வைத் தொங்கவிடணும், குழந்தை வெளியில வந்த ஓட்டை ஒண்ணு இருக்கும், அது தவிர வேற ஓட்டை இருக்கான்னு பாக்கணும். பிறகு தட்டுல பரத்தி வச்சு தாய்ப் பக்கத்து துண்டுகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துதான்னு பாக்கணும், கொடியை வெட்டின எடத்துல மூணு குழாய் தெரியணும், ரெண்டு ஆர்ட்டரி ஒரு வெய்ன். இதுவரைக்கும் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். ஆனா சவ்வுல ஒரு ரத்தக்குழாய் தனியா ஓடிப்போய் ஒரு ஓட்டையில முடிஞ்சா, அந்த எடத்துல ஒரு குட்டி நஞ்சு இருந்திருக்கு, அது இன்னும் உள்ளதான் கிடக்குது, ரத்தம் போகப்போகுது, உடனே டொக்டரைக் கூப்பிடுன்னு சொல்ற அந்த எடம் இருக்கே, அதை வாசிச்சிட்டு லேபர் ரூமுக்குள்ள போனா பார்வையே வேற. நோட்ஸ்ல இது 'நஞ்சு முழுமையா என்று பரிசோதிக்க'ன்னு ஒத்த வரிதான்.

வயித்தைத் தடவிப் பாக்குற பகுதியும் நல்லாருக்கு, தலை எங்க முதுகு எங்கன்னு படத்தோட இருக்கு. என்ன, தாயோட வலது பக்கம் நின்னு பாக்கச் சொல்லும், நம்ம தோட்டத்து லயத்துக் காம்பராவுல (வரிசை வீட்டு அறையில) கட்டில் வலது பக்கமாத்தான் சுவரோட ஒட்டிக் கிடக்கும், கட்டிலை இழுத்துப் போடவும் எடம் இருக்காது.

மைல்ஸ்ல புரட்டிட்டுப் போகக்கூடிய பக்கமும் நெறைய. பிரிட்டன் சட்டம், அவங்க ரெஜிஸ்ட்ரேஷன் விசயம், தண்ணித்தொட்டிப் பிரசவம் எல்லாம். சாப்பாட்டுப் பகுதியில என்ன சீஸ் சாப்பிடக்கூடாதுன்னு கவலைப்படுறாங்க, இங்க கர்ப்பிணிக்கு காலையில ரொட்டியும் சம்பலும் கிடைச்சாலே பெரிய விசயம்.

இப்ப பழைய எடிஷன் வாங்குறவங்க கவனிக்க வேண்டியது. உடம்போட அமைப்பு, பரிசோதனை இதெல்லாம் பழசானாலும் பரவால்ல, நம்பர்களை மட்டும் பழைய புத்தகத்துல மனப்பாடம் பண்ணிராதீங்க. பிரசவம் எப்படிப் போகுதுன்னு குறிக்கிற பார்டோகிராம் சார்ட்டை எடுத்துக்கோங்க, பழைய டபிள்யூ.எச்.ஓ சார்ட்டுல கர்ப்பப்பை வாய் வேகமா விரியிற ஆக்டிவ் ஃபேஸ் 3 சென்டிமீட்டர் விரிவுல தொடங்கிச்சு, அப்புறம் 4 ஆச்சு, 2020ல வந்த லேபர் கேர் கைட்ல 5. மணிக்கு 1 சென்டிமீட்டர் விரியணும், இல்லாட்டி தலையிடணும்ங்கற கணக்கையும் எல்லாத் தாய்க்கும் ஒரே மாதிரி போடக்கூடாதுன்னு 2018லயே சொல்லிட்டாங்க. கொடியை உடனே வெட்டாம 1 நிமிசத்துல இருந்து 3 நிமிசம் வரைக்கும் பொறுக்கணும்ங்கறதும் அப்படித்தான், பழைய புத்தகத்தை வச்சுப் படிச்ச சீனியர்மார் கையில கத்தரிக்கோல் ரெடியா நிக்கும். எது எப்படியோ, வார்ட்ல ஒட்டியிருக்கிற ப்ரோட்டோகோல்தான் கடைசி, புத்தகத்தைக் காட்டி கன்சல்டன்ட்கிட்ட வாதம் பண்ணப் போயிராதீங்க.

தத்தாவைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. இந்தியப் புத்தகம், இங்கிலீஷ் சுலபம், டேபிள் டேபிளா இருக்கும், எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரி இதுதான் கைகுடுக்கும். ஆனா அது டொக்டர் ஆகப்போறவங்களுக்கு எழுதினது, ஆப்பரேஷன் விவரம் நமக்குத் தேவைக்கு மேல இருக்கு. நான் பாவிச்சது குறைவு, ஃப்ரெண்ட்கிட்ட குடுத்தேன், திரும்பி வரல்ல.

மூணாவதுதான் ஆக்கள் அதிகம் கேள்விப்படாதது, ஹெஸ்பேரியன்ங்கற பதிப்பகம் போட்ட 'எ புக் ஃபோர் மிட்வைவ்ஸ்', சூசன் க்ளைன் எழுதி 1995ல வந்தது, நெட்ல இலவசமா டவுன்லோட் பண்ணலாம். முதல்ல பாத்தப்போ இது நமக்கு எதுக்குன்னுதான் தோணிச்சு, அது ஆஸ்பத்திரி தூரமா இருக்கிற ஊர்களுக்கு எழுதினது, இலங்கையில பிரசவம் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. ஆனா 2022ல பெட்ரோல் இல்லாம த்ரீவீல் எல்லாம் கியூல நின்ன காலத்துல, தோட்டத்தோட மேல் டிவிஷன்ல நெறைமாசமா இருக்கிற பிள்ளைகளை நெனச்சா தூக்கம் வராது. மழை தொடங்கினா மண்சரிவுல ரோடு மூடிக்கிற எடங்கள் வேற. அப்பதான் அதுல சுத்தம், அவசரம் பத்தின பகுதியெல்லாம் ஒழுங்கா வாசிச்சேன். பிள்ளை பிறந்த பிறகு போற ரத்தம் 500 மில்லின்னு சொன்னா வீட்டு ஆக்களுக்குப் புரியாது, ரெண்டு கப்புக்கு மேல போனா ஆபத்துன்னு சொன்னா மாமியாருக்கும் புரியும் புருசனுக்கும் புரியும், அந்தப் புத்தகம் அப்படித்தான் பேசும்.

படங்கள்தான் அதோட பலம். நம்ம பக்கம் 1868 மீட்டர் ஒசரம், தை மாசத்துக் காலையில துகள் பனி கொட்டும், அந்தக் குளிர்ல பிறந்த பிள்ளையைக் கழுவித் துடைக்கிறதுலயே வீட்டு ஆக்கள் குறியா இருப்பாங்க. ஒரு பாட்டிகிட்ட வாயால சொல்லிச் சொல்லிப் பாத்து முடியல்ல, போன்ல அந்தப் படத்தைப் பெருசாக்கிக் காட்டினேன், தாய் நெஞ்சோட பிள்ளையை ஒட்டி வச்சு மேல போர்த்தின படம். அவங்க கண்ணாடியைத் தேடிப் போட்டுகிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு "இது நம்ம குரங்கு குட்டிய வச்சிருக்கிற மாதிரில்ல மிஸ் இருக்கு"ன்னாங்க. சிரிச்சுகிட்டே சொன்னாலும் பிள்ளையை அப்படியே வச்சாங்க.

ஆனா மூணு புத்தகத்துலயும் நம்ம தோட்டத்துக்குத் தேவையான ஒரு விசயம் பத்தாது, தேத்தண்ணி. கர்ப்பிணிக்கு அயர்ன் மாத்திரை குடுக்குறோம், விட்டமின் சி குடுக்குறோம், கல்சியத்தை அயர்னோட சேத்துப் போடாதீங்கன்னு கிளினிக்ல சொல்றோம், ஆனா மாத்திரையை எதோட விழுங்குறாங்க? "வயித்தப் பெரட்டுது மிஸ், அதான் தேத்தண்ணியோட போட்டுக்கிறேன்." தேயிலையில இருக்கிற டானின் இரும்பைப் புடிச்சு வச்சுக்கும், உடம்புல சேராது, அப்புறம் ஹீமோக்ளோபின் ஏறலன்னு கார்டைப் புரட்டிகிட்டு உக்காந்திருப்போம். ஒரு மணி நேரம் முன்னப் பின்ன தேத்தண்ணி வேணாம்னு சொல்றது லேசு, விடியக்காலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறவங்களுக்கு வயித்துல விழுற முதல் சூடே அதுதான். நான் ராத்திரிச் சோத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது வெறும் தண்ணியோட போடச் சொல்றேன், அந்த நேரத்துல அடுப்பு அணைஞ்சிருக்கும், தேத்தண்ணி ஊத்த மாட்டாங்க. இது எந்தப் புத்தகத்துலயும் பாத்ததில்ல, ஒரு மாமியார் சொல்லிக் குடுத்தது.

புத்தகத்தோட உடம்பைப் பத்தியும் சொல்லணும். மழை மாசத்துல நம்ம வீடுகள்ல பூஞ்சணம் புடிக்காத சாமானே இல்ல, மைல்ஸ்ஸோட வழுவழுப்புப் பேப்பர் ஈரம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரிச்சா எழுத்தும் சேந்து வரும். என் 14வது முதுகு பிரிஞ்சு மூணு துண்டாக் கிடக்குது. வெயில் அடிச்சா விரிச்சு வைங்க, பொலித்தீன்ல சுத்தி வைக்காதீங்க, உள்ள இன்னும் வேர்க்கும். கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போக பி.டி.எஃப்தான் சரி.

புதுசு வாங்குற அளவுக்கு இப்ப சம்பளம் இல்ல, 2022க்குப் பிறகு வெளிநாட்டுப் புத்தக விலையைக் கேக்கவே பயமாயிருக்கு. நாலு பேர் சேந்து ஒரு 16வது எடுங்க, லைப்ரரிப் புத்தகத்துல ஒண்ணு ரெண்டு பக்கம் போட்டோகொப்பி அடிக்கிறதா இருந்தா நஞ்சுப் படம் உள்ள பக்கத்தை மட்டும் கலர்ல அடிங்க, கறுப்பு வெள்ளையில எது சவ்வு எது ரத்தக்குழாய்னு ஒண்ணுமே வெளங்காது.