பதினைந்து வயது வரை கிளப்பா, தனிப் பயிற்சியாளரா, அகாடமியா?

பிள்ளைக்குச் சைக்கிள் பந்தயத்தில் உண்மையாகவே ஆசை பிடித்துவிட்டது என்று தெரிந்ததும், பெற்றோர் முன்னால் மூன்று வழிகள் வந்து நிற்கும். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் சிறுவர் சைக்கிள் கிளப் ஒன்று. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சித் திட்டம் எழுதித் தரும் தனிப் பயிற்சியாளர் இன்னொன்று. தேர்வு வைத்து ஆள் எடுக்கும் அகாடமி மூன்றாவது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதினைந்து வயது வரை கிளப்தான். பதினாறுக்கு மேல் பதில் மாறும். ஏன் என்று பார்ப்போம்.

கூட்டத்துக்குள் ஓட்டுவது

சாலைப் பந்தயத்தில் நுரையீரல் பலம் மட்டும் இருந்தால் போதாது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அதனால் எல்லோரும் நெருக்கி அடித்துக்கொண்டுதான் போவார்கள். பக்கத்தில் இருப்பவரின் தோள் இடித்தால் பதறாமல் இருக்க வேண்டும். வளைவில் தன் கோட்டை விட்டு விலகக் கூடாது. முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் மேவ விடக் கூடாது. கையை நீட்டித் தண்ணீர் பாட்டிலை வாங்கும்போதும் நேராகப் போக வேண்டும். இதையெல்லாம் ஒரு பிள்ளை தனியாக ஓட்டிக் கற்கவே முடியாது.

கிளப்பில் இது விளையாட்டாகவே வந்துவிடுகிறது. புல்தரையில் இரண்டு பேர் தோளோடு தோள் சாய்ந்து ஓட்டுவார்கள். தரையில் கிடக்கும் பாட்டிலை ஓட்டத்திலேயே குனிந்து எடுப்பார்கள். கடைசியாக வருகிறவர்தான் ஜெயிப்பார், ஆனால் கால் ஊன்றக் கூடாது என்று மெதுவோட்டப் பந்தயம் வைப்பார்கள். விழுந்தாலும் புல்மேல், அதுவும் குறைந்த வேகத்தில். பத்து வயதில் இப்படி விழுந்து எழுந்த பிள்ளை, பதினைந்து வயதில் முப்பது பேர் நடுவே இறுக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

தனிப் பயிற்சியாளரின் திட்டத்தில் இதற்கு இடமே இருக்காது. அவரைக் குறை சொல்லவில்லை. ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது. அகாடமியில் கூட்டம் உண்டு. ஆனால் அங்கே வருகிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

"பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனபூல் பதினேழு வயது வரை கால்பந்துதானே ஆடினார்?" என்று கேட்பார்கள். சரிதான். 2017-இல் சைக்கிளுக்கு வந்து, 2018-இல் சாலைப் பந்தயம், ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு போட்டியிடும் தனிநேர ஓட்டம் என்ற ஜூனியர் உலகப் பட்டங்கள் இரண்டையும் வென்றார். அப்படிப்பட்ட உடல் திறன் மிக அபூர்வம். அவரே 2021-இல் ஜிரோ டி இத்தாலியா என்ற மூன்று வாரப் பந்தயத்தில் இறக்கங்களிலும் மண் சாலையிலும் தடுமாறியது அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இன்ஜின் தாமதமாக வந்தாலும் ஓடும்; கைப்பழக்கம் தாமதமானால் அதைக் கற்கும் இடம் பெரிய பந்தயமாகிவிடுகிறது.

வளரும் உடலும் முந்தி எடுக்கும் முடிவுகளும்

என்னைப் பொறுத்தவரை மொத்த ஒப்பீட்டிலும் கனமான விஷயம் இதுதான்.

உயரம் வேகமாகக் கூடும் காலம் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கை ஒட்டியும் வருகிறது. இது சராசரிதான். ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கு இடையே இதில் இரண்டு மூன்று வருட வித்தியாசம் இருக்கலாம். அப்படியானால் பதிமூன்று வயதுப் பந்தயத்தில் முதலில் வருவது யார்? பெரும்பாலும் முதலில் வளர்ந்த பிள்ளை.

அந்த வயதில் தேர்வு வைக்கும் அகாடமி, திறமையை அளப்பதாக நினைத்துக்கொண்டு வளர்ச்சியை அளந்துவிடுகிறது. தாமதமாக வளரும் பிள்ளை "தகுதி இல்லை" என்ற முத்திரையோடு வீட்டுக்குப் போகிறது, பல சமயம் சைக்கிளையே விட்டுவிடுகிறது. எடுக்கப்பட்ட பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. பலத்தாலேயே எல்லாரையும் விட்டு ஓடிப்போய் ஜெயித்துப் பழகியதால், காத்திருக்கவும் சக்கரம் பார்த்து ஒதுங்கவும் எப்போது தாக்க வேண்டும் என்று படிக்கவும் அதற்குத் தேவையே வந்திருக்காது. பதினேழில் மற்றவர்கள் வளர்ந்து சமமாகும்போது கையில் வேறு ஆயுதம் இருக்காது. இப்படி ஒதுங்கிப்போன பிள்ளைகளைப் பார்ப்பது மிகவும் வேதனையானது, ஏனென்றால் தவறு அவர்களுடையது இல்லை.

கிளப் யாரையும் வடிகட்டுவதில்லை. அதன் மிகப் பெரிய பலம் இதுதான். தாடே பொகச்சார் ஸ்லோவேனியாவில் ரோக் என்ற கிளப்புக்கு அண்ணனைப் பார்த்துத்தான் போனார். அவர் அளவுக்குச் சின்னச் சைக்கிள் கிளப்பில் இல்லாததால் அடுத்த சீசன் வரை காத்திருந்தார் என்று சொல்வார்கள். வயதில் மூத்தவர்களோடு ஓட்டிய பொடியன் அவர். சிறுவயதில் அளவைப் பார்த்து யாராவது வடிகட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2020-இல் இருபத்தொரு வயதில் டூர் டி பிரான்ஸை வென்றார்.

இன்னொன்று, நேரில் பார்க்கும் கண். வேகமாக வளரும் மாதங்களில் சீட் உயரம் மாறிக்கொண்டே இருக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது இந்த வயதில் சாதாரணம். மருத்துவர்கள் அதை ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். வாரா வாரம் பார்க்கும் கிளப் பயிற்சியாளர், "என்னடா, இடுப்பு ஆடுது, சீட்டை இறக்கு" என்று அங்கேயே சொல்லிவிடுவார். தொலைவிலிருந்து, மிதிக்கும் பலத்தை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரின் கோப்பை மட்டும் பார்க்கிறவருக்கு வாட் குறைந்தது தெரியும், வலி தெரியாது. நேரில் வரும் தனிப் பயிற்சியாளர் என்றால் இந்தக் குறை இல்லை.

கியர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஜூனியர்களின் சைக்கிள் ஒரு பெடல் சுற்றுக்கு 7.93 மீட்டருக்கு மேல் முன்னேறும் கியரில் இருக்கக் கூடாது என்று நெடுங்காலம் விதி இருந்தது. உலக சைக்கிள் சம்மேளனம் 2023 முதல் அதை நீக்கிவிட்டது. அது நீங்கியதால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய கியர் நல்லது என்று அர்த்தமில்லை. இலகுவான கியரில் வேகமாகச் சுற்றப் பழகுவதுதான் அந்த வயதுக்கு ஏற்றது. எண்களைத் துரத்தும் பயிற்சியில் முதலில் காணாமல் போவது இந்தப் பழக்கம்.

வேறு விளையாட்டுகளுக்கு இடம்

சைக்கிளில் உடல் எடையைக் கால் தாங்குவதில்லை, அதனால் எலும்பு உறுதியாவதற்கு அது அதிகம் உதவாது. வளரும் பிள்ளை ஓட வேண்டும், குதிக்க வேண்டும். ஒழுங்கமைத்த பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றால், பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. பத்து வயதா, பத்து மணி நேரத்துக்குள், அதுவும் எல்லா விளையாட்டும் சேர்த்து. வாரத்தில் ஓரிரு நாள் கூடும் கிளப் இதற்குப் பொருந்துகிறது. தினமும் அழைக்கும் அகாடமி பொருந்தாது. பனிச்சறுக்குத் தாண்டலில் உலக ஜூனியர் அணிப் பட்டம் வென்ற பிறகு சைக்கிளுக்கு வந்த பிரிமோஷ் ரோக்லிச், டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநேர ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவசரம் வேண்டாம்.

செலவு

இதில் பேச அதிகமில்லை. நல்ல கிளப்பில் சைக்கிள் இரவல் கிடைக்கும், அண்ணன் அக்காமார் வளர்ந்து விட்டுப்போன ஷூவும் ஜெர்சியும் கைமாறும். தனிப் பயிற்சியில் கருவிகளே தனிச் செலவு.

கிளப் தோற்கும் இடங்கள்

தன்னார்வலர்களின் தரம் ஒரே சீராக இருக்காது. சிலருக்கு அன்பு நிறைய, அறிவு குறைவு, சிலருக்கு நேர்மாறு. பயிற்சியாளரின் பிள்ளையும் ஓட்டும் கிளப்பில் பெற்றோருக்குள் மனத்தாங்கல் வரும். எட்டு வயதும் பதினான்கு வயதும் ஒரே வட்டத்தில் சுற்றினால் இருவருக்கும் பயனில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பல கிளப்புகள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை என்பது என் வருத்தம். இருபது பையன்களோடு ஒரே ஒரு பெண் என்றால் பதிமூன்று வயதுக்குள் அவள் நின்றுவிடுவாள். உடை மாற்ற இடம், மாதவிடாய் நாட்களைப் பற்றித் தயங்காமல் பேசக்கூடிய ஓர் அக்கா, சேர்ந்து ஓட்ட மூன்று நான்கு தோழிகள், இவை இல்லாத கிளப்பைவிடப் பெண்களுக்கெனத் தனிக் குழு வைத்திருக்கும் அகாடமியே மேல். இந்த ஓர் இடத்தில் என் பொது விதியை நான் வற்புறுத்த மாட்டேன்.

அப்புறம் வயது. ஜூனியர் பிரிவு பதினேழு, பதினெட்டு வயதுக்கானது. ஆண் ஜூனியர்களின் பெரிய பந்தயங்கள் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். சிறுவர் பந்தயத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துப் பழகியவருக்கு அது வேறு உலகம். ஓய்வு, உணவு, பந்தய நாட்காட்டி எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து திட்டமிட வேண்டும். சனிக்கிழமைத் தன்னார்வலரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பதினாறுக்கு மேல்

வேல்ஸின் கார்டிஃபில் 1951-இல் திறந்த மெய்ண்டி மைதானத்தின் சுற்றுப் பாதையில் வளர்ந்தது மெய்ண்டி ஃபிளையர்ஸ் என்ற சிறுவர் கிளப். 2018 டூர் டி பிரான்ஸை வென்ற கெரெய்ன்ட் தாமஸும், ரியோ ஒலிம்பிக்கில் குழுத் துரத்தலில் தங்கம் வென்ற எலினோர் பார்க்கரும் அங்கே தொடங்கியவர்கள். தாமஸ் பிரிட்டிஷ் சைக்கிளிங் அகாடமிக்குப் போனது அதற்குப் பிறகுதான். கவனிக்க வேண்டியது அந்த வரிசை. அகாடமி கெட்டது என்று நான் சொல்லவில்லை. பதிமூன்றில் கெட்டது, பதினெட்டில் நல்லது.

ஆகவே பதினாறில் தனிப் பயிற்சியாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கிளப்பை விடாமல். இருவரும் ஒரே நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கிளப்பில் வேகப் பயிற்சி முடித்த மறுநாளே திட்டத்தில் இன்னொரு வேகப் பயிற்சி நிற்கும், பிள்ளை இரண்டு பக்கமும் முடியாது என்று சொல்லத் தயங்கும். வாரத்தில் ஒரு கிளப் நாள் கட்டாயம் இருக்கட்டும் என்று பயிற்சியாளரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது கோப்பை அலமாரியை விட்டுவிடுங்கள். பன்னிரண்டு வயதில் ஒருமுறைகூட மேடை ஏறாத பிள்ளைகளில் எத்தனை பேர் பதினாறு வயதில் இன்னும் இங்கே ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பொறுப்பாளர் பெயர் சொல்லிச் சொல்லி அடுக்கினால் அன்றே சேர்த்துவிடலாம்.