பேரிங்கைப் பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள்

முன்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. கழற்றுவது, மாட்டுவது எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்வீர்கள். நடுவில் பத்து நிமிடம் மட்டும், பேரிங் உட்காரும் பாகமான நக்கிள், பிரஸ் (பேரிங்கை அழுத்தி இறக்கும் இயந்திரம்) வைத்திருக்கும் வேறொருவர் கைக்குப் போகும். பெரும்பாலும் வேலை கெடுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

நடந்தது இதுதான். ஒரு ஹேட்ச்பேக் காரின் இடது முன்சக்கர பேரிங். வாசலிலேயே நக்கிளைக் கழற்றி, புது பேரிங்கோடு பிரஸ் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தாயிற்று. அழுத்தம் சரியான வளையத்தில் மட்டும் விழ ரிங் வைத்துத்தானே இறக்குவீர்கள் என்று கேட்டதற்கு, "எதுக்குங்க ரிங்கு, அதெல்லாம் தானா இறங்கிடும்" என்று பதில். மாட்டி ஓட்டிய அன்றே மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. "சென்சார் போயிருக்கும், மாத்திப் பாருங்க" என்றார்கள். நன்றாக இருந்த சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுசு வாங்கி மாட்டியும் விளக்கு அணையவில்லை. 700 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் பழைய ஊளைச் சத்தமும் திரும்பிவிட்டது. பட்டறைக்காரர் பேரிங் சரியில்லை என்றார். பேரிங் விற்ற கடைக்காரர், "நீங்களே கழட்டி மாட்டினா வாரண்டி எப்படிங்க குடுக்கறது" என்றார். இரண்டு பேரும் கை கழுவியாயிற்று.

அந்தப் பேரிங்கின் வெளிவளையத்தை கிரைண்டரால் வெட்டிப் பிளந்து பார்த்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. குண்டுகள் ஓடும் பாதை இரண்டு. ஒன்று கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. மற்றொன்றில் விளிம்பை ஒட்டிச் சமமான இடைவெளி விட்டுச் சின்னச் சின்னப் பளபளப்பான குழிகள். குண்டுக்கு ஒன்று. நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொன்றிலும் தட்டுப்பட்டது. ஓடித் தேய்ந்த பேரிங்கில் பாதை பரவலாகச் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். இப்படிக் கணக்குப் போட்டு வைத்ததுபோல் குழி விழாது. இது பிரஸ் போட்டபோதே விழுந்த குழி.

விஷயம் எளிமையானது. பேரிங்கில் உள்வளையம், வெளிவளையம், நடுவில் இரண்டு வரிசைக் குண்டுகள். நக்கிளின் துளையில் இறுக்கமாக உட்காருவது வெளிவளையம். அப்படியானால் நக்கிளுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தின் முகத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் வைத்து அழுத்தினால் அத்தனை டன் விசையும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். அந்தக் குண்டுகள் சாய்கோணத்தில் உட்கார்ந்திருப்பதால் முழுச் சுமையும் ஒரே வரிசையில் விழும். அதனால்தான் ஒரு பாதையில் குழி, மறு பாதை சுத்தம். அடுத்து ஹப்பை (சக்கரம் மாட்டப்படும் சுழலும் பாகம்) பேரிங்குக்குள் இறக்கும்போது இறுக்கம் உள்வளையத்துக்கும் ஹப்புக்கும் இடையில். அப்போது உள்வளையத்துக்குப் பின்பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும். நக்கிளை மட்டும் மேடையில் தாங்கி வைத்து ஹப்பை அழுத்தினால் மறுபடியும் விசை குண்டுகள் வழியாகத்தான் போகும். பலர் முதலாவதைச் சரியாகச் செய்துவிட்டு இரண்டாவதில் கோட்டை விடுவார்கள்.

இதற்கு ஒரே தற்காப்பு, ரிங்கை நீங்களே கடைந்து எடுத்துப் போவது. பேரிங்கில் டிஏசி 39720037 என்று எண் இருந்தால் உள்துளை 39 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 72, அகலம் 37 என்று பொருள். எந்த லேத் பட்டறையிலும் சாதா இரும்பில் இரண்டு ரிங் கடைந்து தருவார்கள். ஒன்று வெளிவளையத்தை அழுத்த. அதன் வெளிவிட்டம் பேரிங்கைவிட அரை முதல் ஒரு மில்லிமீட்டர் குறைவு, இதற்கு 71.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் கனம் மூன்று மில்லிமீட்டர் போதும், பேரிங்கின் பக்கவாட்டை மூடியிருக்கும் ரப்பர் சீலைத் தொடக் கூடாது. இன்னொன்று ஹப்பை இறக்கும்போது முட்டுக் கொடுக்க, உள்வளையத்தின் முகத்துக்குச் சரியாக உட்கார வேண்டும். துளை 39.5, வெளிவிட்டம் உள்வளையத்தின் முகத்தைத் தாண்டாமல். இரண்டுமே 40 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம் இருக்கட்டும். உங்கள் பேரிங்கைக் கையில் கொண்டுபோய் அளந்தே கடையச் சொல்லுங்கள். பழைய பேரிங்கின் வெளிவளையத்தையும் முதல் ரிங்காகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு பக்கம் கிரைண்டரால் கீறிப் பிளவு விட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவும் துளைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

பிரஸ் கிடைக்காத ஊரில், நட்டை இறுக்கி பேரிங்கை இழுத்து இறக்க, முழுக்க மரை போட்ட த்ரெட் ராடும் வேலை செய்யும். எம்16 அளவில் 8.8 தர ராடு 40 சென்டிமீட்டர், இரண்டு நட், ஆறு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தட்டு, மேலே சொன்ன ரிங்குகள், இவ்வளவுதான். மரையில் கிரீஸ் தடவாமல் இறுக்கினால் மரை உரிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ராடை நம்பாதீர்கள், அது பாதி வழியில் இழுபடும். சுத்தியலால் அடித்து இறக்கவே கூடாது. சுத்தியல் அடியில் பேரிங் கோணலாக இறங்கித் துளையின் சுவரைச் சுரண்டிவிடும்.

வேலையைப் பாதியாகக் குறைக்கும் ஒரு வழி வெப்பம். பேரிங்கை ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி இரவு முழுக்க ஃபிரீசரில் வையுங்கள். 32 டிகிரியில் இருக்கும் 72 மில்லிமீட்டர் எஃகு மைனஸ் 18க்குப் போனால் விட்டம் ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் சுருங்கும். நக்கிளை ஹீட் கன்னால் 80 டிகிரி வரைக்கும் சூடு காட்டினால் துளையும் அதே அளவு விரியும். பேரிங்கின் இறுக்கமே இந்த அளவில்தான் இருக்கிறது என்பதால் பலமுறை கையாலேயே முக்கால்வாசி இறங்கிவிடும். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டாதீர்கள். பேரிங்கைச் சூடாக்கவும் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸும் ரப்பர் சீலும் போய்விடும்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்ததற்குக் காரணம் வேறு. இப்போது வரும் பல பேரிங்குகளில் ஒரு பக்கத்துச் சீலிலேயே, சக்கரம் சுற்றுவதை ஏபிஎஸ் சென்சார் அறிவதற்கான காந்த வளையம் பதிந்திருக்கும். வெளியே பார்த்தால் வெறும் கறுப்பு ரப்பர் போலத்தான் தெரியும், பல் எதுவும் இருக்காது. அந்தப் பக்கம் என்ஜின் பக்கமாக, சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் சென்சாருக்குச் சிக்னலே வராது, எத்தனை சென்சார் மாற்றினாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். கெட்டுப்போன அந்தப் பேரிங்கில் காந்த வளையம் வெளியே, பிரேக் டிஸ்க் பக்கம் இருந்தது. இறக்குவதற்கு முன்னால், சீலின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவிப் பாருங்கள். காந்தப் பக்கத்தில் தூள் வரிவரியாக நிற்கும். பார்த்ததும் மார்க்கரால் "உள்" என்று எழுதிவிடுங்கள். ஸ்பீக்கர் காந்தம், காந்தத் தட்டு எதையும் அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது, பதிந்திருக்கும் காந்தமே கெட்டுவிடும்.

இனி மற்ற வேலைகள். முதலில் பேரிங்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 60, 70 வேகத்தில் நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். என்ஜின் வேகம் இறங்கியும் ஊளை மாறாவிட்டால் அது சக்கரப் பக்கத்துச் சத்தம். இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது பேரிங், வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது. ஜாக்கியில் தூக்கி, ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்றினால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்குத் தெரியும். டயர் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி ஊளையிடும். முன் டயரைப் பின்னால் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு பேரிங்குக்குப் போங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். ஆக்ஸில் நட்டின் மடிப்பை உளியால் நிமிர்த்தி, பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க நீளமான பாரால் தளர்த்துங்கள். பிரேக் கேலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஏபிஎஸ் சென்சாரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் ரஸ்ட் ஸ்ப்ரே அடித்து ஊற வைத்து எடுங்கள். ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டால், திரும்ப மாட்டும்போது கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) பெரிதாக மாறாது. ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு முனையைக் கழற்ற, நக்கிளின் காதைப் பக்கவாட்டில் நன்றாக ஒரு தட்டு தட்டினால் போதும், மரையில் அடித்தால் நட் பிறகு ஏறாது. ஆக்ஸிலைத் தொங்கவிடாதீர்கள், உள் ஜாயின்ட் கழன்று வரும்.

ஹப்பை வெளியே எடுக்கும்போது பழைய உள்வளையத்தில் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதை கிரைண்டரால் முக்கால் ஆழம் வரை கீறி, கீறலில் உளி வைத்து ஓர் அடி கொடுத்தால் பிளந்து விடும். ஹப்பில் கிரைண்டர் படக் கூடாது. பிறகு ஹப்பின் கழுத்தை நன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ வரி விழுந்திருந்தாலோ பழைய வளையம் அதன் மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அந்த ஹப்பில் புது பேரிங்கைப் போட்டால் பணம் தண்டம், ஹப்பையும் மாற்றுங்கள். பேரிங் நழுவாமல் பிடிக்கும் வளையக் கிளிப்பான சர்க்லிப் உட்காரும் பள்ளத்தைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித் துருவை எடுத்துவிடுங்கள். பேரிங் இறங்கியபின் சர்க்லிப் "டக்"கென்று சுற்றிலும் பள்ளத்தில் உட்கார வேண்டும். ஓர் இடத்தில் தூக்கி நின்றாலும் பேரிங் முழுசாக இறங்கவில்லை என்றுதான் பொருள்.

மாட்டும்போது இறுக்கத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இந்த வகைப் பேரிங்கில் உள்வளையத்தின் இரண்டு பாதிகளையும் சரியான அழுத்தத்தில் சேர்த்துப் பிடிப்பதே ஆக்ஸில் நட்தான். அதை முழுசாக இறுக்காமல் காரைக் கீழே இறக்கி ஓரடி நகர்த்தினாலும் புது பேரிங் கெடும். அதனால் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பல சிறிய கார்களுக்கு 200 நியூட்டன் மீட்டருக்கு அக்கம்பக்கம் வரும், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்தான் முடிவு. டார்க் ரெஞ்ச் இரவல்கூடக் கிடைக்காவிட்டால், ஒரு மீட்டர் குழாயின் முனையில் 20 கிலோ தொங்கினால் வரும் விசை அது என்று வைத்துக்கொண்டு இறுக்கிவிட்டு, அன்றைக்கே ஒரு பட்டறையில் டார்க் ரெஞ்ச் போட்டுச் சரிபாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று இறுக்கி விடுகிறவர்களை அனுமதிக்காதீர்கள். நட் புதுசாக இருக்கட்டும், இறுக்கியபின் மடிப்பை ஆக்ஸில் பள்ளத்தில் தட்டிவிடுங்கள்.

பேரிங் வாங்குவதிலும் ஏமாற்று உண்டு. அந்தக் கடையில் கொடுத்த பேரிங்கின் பெட்டியில் ஒரு எண், வளையத்தில் வேறு எண். வாங்கும்போதே பெட்டியைப் பிரித்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். எம்ஆர்பி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், மாதம், வருடம் இவையெல்லாம் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டியது சட்டப்படி கட்டாயம். இவை இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். எஸ்கேஎஃப், ஷாஃப்ளர் போன்ற நிறுவனங்கள் அசல்தானா என்று பார்க்க மொபைல் ஆப் வைத்திருக்கின்றன, கடையில் நின்றபடியே சோதிக்கலாம். பார்வைக்கு அச்சு அசலாகவே போலிகள் வருகின்றன. வழக்கமான விலையில் பாதிக்குக் கொடுத்தால் அந்தக் கடையில் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். ரிங் எந்த வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது, மார்க் எந்தப் பக்கம் என்பதை அழுத்துவதற்கு முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு பட்டறை பாருங்கள். கூலிக்கும் ஒரு ரசீது வாங்குங்கள், துண்டுச் சீட்டானாலும் தேதியும் வேலையும் எழுதியிருந்தால் போதும்.

கெட்டுப் போனால், அவசரப்பட்டுப் பேரிங்கை வெட்டாதீர்கள். இந்த விஷயத்தில் நடந்த தவறு அதுதான். வெட்டியபின் கடைக்காரர் அதைத் தொடக்கூட மறுத்துவிட்டார். முழுசாகக் கழற்றி, பெட்டி, பில், படங்களோடு பத்திரமாக வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளில் குறை என்று நீங்கள் சொல்லி, சோதிக்காமல் முடிவு செய்ய முடியாது என்றால், ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். அப்போது கொடுக்க உங்களிடம் முழு பேரிங் இருக்க வேண்டும்.