2,500 ரூபா குடுத்து ஏஜென்ட் மூலமா ஃபுட் லைசென்ஸ் எடுத்த கதை (5க்கு 2 ஸ்டார்)

மேற்கு மாம்பலத்துல வீட்லயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி பண்ணி அபார்ட்மெண்ட் குரூப்ல வித்துட்டு இருக்கேன், 2021ல ஆரம்பிச்சது. வீட்டுச் சமையலுக்கு எதுக்கு லைசென்ஸ்னு தான் நானும் இருந்தேன், டெலிவரி ஆப்ல போடலாம்னு போனா முதல் கேள்வியே எஃப்எஸ்எஸ்ஏஐ (சாப்பாட்டு வியாபாரத்துக்கு லைசென்ஸ் குடுக்கற மத்திய அரசு ஆணையம்) நம்பர் என்னங்கறது. கூகுள்ல மேல வந்த சைட்டு கொடி கலர்ல இருந்துச்சா, கவர்மெண்ட் சைட்டுனு நம்பி 2,500 கட்டிட்டேன். அது தனியார் ஏஜென்ட்டாம். சைட்டு முகவரி gov.in-ல முடியுதானு பாத்துட்டு பணம் கட்டுங்க, சொல்லிட்டேன்.

வேலை முடிச்சு குடுத்தாங்க, அத இல்லனு சொல்ல மாட்டேன், வாட்ஸப்ல கேட்டா உடனே பதில், பத்து நாள்ல சர்டிஃபிகேட் வந்துடுச்சு. ஆனா அப்போ அரசாங்க ஃபீஸ் எவ்ளோ தெரியுமா, வருஷத்துக்கு வெறும் 100 ரூபா! வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ளனா லைசென்ஸே தேவையில்ல, ரெஜிஸ்ட்ரேஷன் போதும்ங்கறது தான் அப்போ ரூல். 14 டிஜிட் நம்பர் 1ல ஆரம்பிச்சா லைசென்ஸ், 2ல ஆரம்பிச்சா ரெஜிஸ்ட்ரேஷன். வாய் நிறைய லைசென்ஸ் லைசென்ஸ்னு பேசிட்டு எனக்கு வந்தது 2ல ஆரம்பிக்கற நம்பர்.

அதுவும் ஒரே வருஷத்துக்கு. அப்போ 5 வருஷம் வரைக்கும் எடுக்க முடிஞ்சது, அதப் பத்தி மூச்சே விடல, ரின்யூவலுக்கு மறுபடி 1,500 கேட்டாங்க.

லேபிள் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லல. நான் பாட்டுக்கு பேரும் போன் நம்பரும் மட்டும் போட்டு 500 ஸ்டிக்கர் அடிச்சுட்டேன், பக்கத்து பிளாக் மாமா பாட்டிலத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "பச்சைப் புள்ளி எங்கம்மா, தேதி எங்க"னு கேட்டப்போ தான் முழிச்சேன். சைவம்னு காட்டற பச்சைப் புள்ளி, என்னென்ன சேத்திருக்கு, எடை, தயாரிச்ச தேதி, எது வரைக்கும் சாப்பிடலாம், அட்ரஸ், அந்த 14 டிஜிட் நம்பர் எல்லாமே இருக்கணுமாம். 500 ஸ்டிக்கரும் குப்பைக்கு.

2022ல நானே ஃபாஸ்காஸ்ங்கற எஃப்எஸ்எஸ்ஏஐயோட சொந்த ஆன்லைன் போர்ட்டல்ல உக்காந்து 5 வருஷத்துக்கு 500 ரூபா கட்டி முடிச்சேன். என்ன வகை பிசினஸ்னு கேக்கற இடத்துல மட்டும் கொஞ்சம் குழப்பம், நாமளே அரைச்சு விக்கறதால தயாரிப்பாளர்னு போடணும், வெறும் கடைக்காரர்னு இல்ல. கம்ப்யூட்டர் வராதுனா மாடி வீட்டுப் பையனக் கூப்பிடுங்க, ஒரு பாட்டில் பருப்புப் பொடிக்கு பண்ணிக் குடுத்துடுவான்.