மும்பையில் பழைய மஞ்சள் டயல் சீகோ வாட்ச் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

தாதர் பக்கம் ஒரு மாடிக்கடையில் 52,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். இன்னொருவர் ஏமாறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சீகோ 6139, மஞ்சள் டயல், நீலமும் சிவப்புமாக வெளிவளையம். பஹ்ரைனில் வேலை பார்த்தபோது அப்பா கட்டியிருந்தது இதுதான். அக்கா கல்யாணச் செலவுக்காக விற்றுவிட்டார். அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அதே மாதிரி ஒன்று வாங்கித் தர ஆசைப்பட்டேன். அதைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கக்கூடாது.

அவரும் தமிழர்தான். "அப்பாவுக்கா சார்? அப்ப சாதாரணப் பீஸ் தர மாட்டேன்" என்று உள்ளேயிருந்து இதை எடுத்து வந்தார். "டயல்ல வாட்டர் 70எம் புரூஃப்னு இருக்கு பாருங்க. 1969 மாடல். பின்னாடி வந்ததுல எல்லாம் ரெசிஸ்ட்னுதான் இருக்கும்."

அதில் பாதி உண்மை. 1970 வாக்கில் சீகோ 'புரூஃப்' (தண்ணீர் புகாது) என்பதை 'ரெசிஸ்ட்' (தண்ணீரைத் தாங்கும்) என்று மாற்றியது நிஜம். அதனால் புரூஃப் டயலுக்கு விலை கூடுதல்தான். ஆனால் பின்மூடியில் இருந்த ஆறு இலக்க எண் 47 என்று தொடங்கியது. சீகோவில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற எழுத்துகள் வரும். இந்த 6139 இயந்திரத்தின் தயாரிப்பு எழுபதுகளோடு முடிந்துபோனது. ஆகவே 47 என்றால் 1974 ஜூலைதான். மூடியிலேயே வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றும் இருந்தது. 1974 மூடிக்கு 1969 டயல் எப்படி வரும்? கடையில் அந்த எண்ணைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் காட்டித் தந்தவர் செம்பூரில் நாற்பது வருஷமாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர். கண்ணில் லென்ஸை மாட்டியவுடனே "டயல் புதுசு தம்பி" என்றார். பழைய டயலைச் சாய்த்தால் மஞ்சள் பொன்னாகவும் ஆரஞ்சாகவும் மாறி மாறி மின்னும். இது ஒரே மஞ்சளாக, பெயின்ட் பூசியது போலத் தட்டையாக இருந்தது. டார்ச் அடித்து அணைத்தார். முட்கள் பச்சையாக வெகுநேரம் ஒளிர்ந்தன. ஐம்பது வருஷத்துப் பூச்சு அப்படி ஒளிராது.

எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. இந்த மாடலில் கிரவுனை, அதாவது பக்கவாட்டில் உள்ள திருகைத் திருகினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம் சுழல வேண்டும். கடையில் திருகியபோது அது அசையவே இல்லை. கேட்டதற்கு, "சாவி ஏறுது சார்" என்றார். 6139க்குக் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. கை அசைவில்தான் அது ஓடும். அது தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

1973 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கு ஸ்கைலேப் 4 பயணம் போன விண்வெளி வீரர் வில்லியம் போக் இதே மஞ்சள் சீகோவைக் கட்டிக்கொண்டு 84 நாள் விண்வெளியில் இருந்தார். அந்தக் கதை பரவியபின் விலை ஏறியது, கூடவே புது மஞ்சள் டயல்களும் வந்து குவிந்தன. யாராவது விண்வெளிக் கதை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது கடைக்காரர் "தூசி உள்ள போயிடும் சார்" என்று மறுத்தார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பில்லில் 'பழைய வாட்ச் 1' என்று மட்டும் எழுதியிருந்தார். மாடலும் இல்லை, எண்ணும் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். அந்த பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியவில்லை. மூன்று வாரம் அலைந்து, கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்து, 30,000 மட்டும் வாங்கினேன்.

போன சனிக்கிழமை அந்த வழியாகப் போனேன். அதே கடிகாரம் மறுபடியும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மூடியில் 47. கீழ் பட்டனுக்குப் பக்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு சின்ன வெட்டு.